டிசம்பர் மேசையில் சாம்பல்நிறத் தொப்பி

பிரென்னாவின் மேசைமேல் கேரமல் கேக் இருந்தது. வெர்னீஸின் கண் கேக்கில் விழவில்லை, தட்டில்தான் விழுந்தது. ஓரத்தில் பச்சைக் கொடி ஓடும் வெள்ளைத் தட்டு. அதைத் தூக்கிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும், அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் பேனாவால் 'டார்ப்லி' என்று எழுதியிருக்கும். சபைச் சமையலறையில் பாத்திரம் மாறிப் போகாமல் இருக்க, மவுண்ட் ஹெப்ரோன் சபைப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் பெயர் ஒட்டுவார்கள். அந்தத் தட்டை வெர்னீஸே எத்தனையோ முறை மடியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கழுவித் துடைத்து, நாலு பீச் பழமாவது வைத்துத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது.

"வெர்னீஸ், ஒரு துண்டு எடுத்துக்குங்க. மிஸ் அர்லீத்தா குடுத்தாங்க. இப்படி ஒரு கேக்கை நான் என் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல" என்றாள் பிரென்னா.

"எனக்குச் சர்க்கரை ஒத்துக்காது" என்றாள் வெர்னீஸ். அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள் அவள்.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. நாற்பத்தாறு வயதில் ஒரு கேக்குக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆமாம், கேக்குக்காகத்தான் என்று வயிறு பதில் சொன்னது.

மேக்கன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் அறக்கட்டளையில் வெர்னீஸ் பிக்கெட்டுக்குப் பதினோரு வருட வேலை. பிக்கெட் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்தப் பட்டத்துக்குச் சட்டம் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சுவரில் மாட்டியவன் அண்ணன் ஹோசியா. நகரப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவன் அவன். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சுவரைப் பார்க்கும்படியான நாற்காலியில்தான் உட்கார வைப்பான்.

அறக்கட்டளையில் வெர்னீஸுக்குக் கொடுத்த பதவிக்குச் 'சமூகத் தொடர்பு' என்று பெயர். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கறுப்பர் தெருக்கள், சபைகள், கடைகள், கல்லூரிப் பழைய மாணவிகள் சங்கங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. போகலாம், பேசலாம், மருத்துவமனையைச் சுற்றிக் காட்டலாம், நன்றிக் கடிதம் எழுதலாம். ஆனால் பெரிய தொகையைக் கேட்கக்கூடாது. அதைக் கேட்பதற்கென்று 'பெரிய கொடை'ப் பிரிவு தனியாக இருந்தது. கேட்டவர் யாரோ அவர் பெயரில்தான் அந்தக் கொடையாளர் பதிவாவார். அதுதான் அலுவலக விதி.

மிஸ் அர்லீத்தா டார்ப்லியிடம் அவள் பதினோரு வருடமும் அப்படித்தான் போய் வந்தாள். டார்ப்லி அடக்க நிலையத்தின் முதலாளி அவர். அந்த ஊர்க் கறுப்பர் வீடுகளில் பாதிப் பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து அனுப்பியது அந்த நிலையம்தான். வெர்னீஸின் அப்பா இறந்தபோது, மூடுவதற்கு முன் அவர் கழுத்து டை கோணலாக இருப்பதைப் பார்த்து, தன் கையாலேயே அவிழ்த்துத் திரும்பக் கட்டியவர் மிஸ் அர்லீத்தா. அந்த ஒன்றுக்காகவே ஹோசியா அவர் காருக்கு எண்ணெய் மாற்றக் காசு வாங்குவதில்லை.

அலுவலகத்துக்கு அவர் இருப்பதே வெகுநாள் தெரியாது. யாரிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்று அங்கே உண்டு. மிஸ் அர்லீத்தா கொடுத்ததெல்லாம் சபைக் காணிக்கைத் தட்டிலும், வழியில்லாத வீட்டுப் பிணங்களுக்குப் போட்ட பெட்டிகளிலும் போயிற்று. அதற்கு ரசீது ஏது? போன வருடம் சாலையோரத்து இரண்டு மனைகளை அவர் ஒரு கடைக் கம்பெனிக்கு விற்றார். அன்றைக்குத்தான் மென்பொருள் கண்விழித்தது.

பெரிய கொடைப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது வெர்னீஸ் கேட்டிருந்தாள். தலைவர் லாங்டன் அவளை அன்பாக உட்கார வைத்து, "அந்தப் பக்கத்து ஜனங்க உங்களைத்தான் நம்புறாங்க வெர்னீஸ். உங்களை அங்கேருந்து எடுத்துட்டா நாங்க என்ன பண்றது?" என்றார். அந்த இடத்துக்கு அட்லாண்டாவிலிருந்து பிரென்னா வந்தாள். முப்பத்தோரு வயது, சிவந்த முடி, நல்ல பெண். மிஸ் அர்லீத்தாவின் பெயர் பிரென்னாவின் கைக்குப் போனது. "நீங்களே கூட்டிட்டுப் போய் அறிமுகம் செஞ்சு வைங்க" என்றார் லாங்டன்.

வெர்னீஸ் கூட்டிக்கொண்டு போனாள். சக்களத்தியைத் தானே கைப்பிடித்து வாசற்படி ஏற்றியதுபோல் இருந்தது. மிஸ் அர்லீத்தா பிரென்னாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வா கண்ணு, உக்காரு. என்ன இப்படி எலும்பும் தோலுமா இருக்கே?" என்றார். கண்ணு! அந்த வார்த்தை வெர்னீஸுக்குக் கிடைக்க மூன்று வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பிரென்னா தனியாகவே போய் வந்தாள். இப்போது கேக்கும் வந்துவிட்டது.

கேக்கைக் கண்ட அன்று சாயங்காலமே லாங்டன் இருவரையும் கூப்பிட்டார். பச்சிளங்குழந்தைகள் பிரிவை ஒட்டித் தாய்மார்கள் தங்கும் அறைகள் கட்ட வேண்டும். வெளியூர்களிலிருந்து வரும் தாய்மார்கள், பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, வாகன நிறுத்தத்தில் காருக்குள் தூங்குகிறார்கள். பாதிக்கு மேல் கறுப்புத் தாய்மார்கள். "வர்ற திங்கக்கிழமை பிரென்னா மிஸஸ் டார்ப்லியைக் கேட்கப் போறா" என்றார் லாங்டன். "ஐம்பதாயிரம் கேட்டா சரியா இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க வெர்னீஸ்?"

"சரியா இருக்கும்" என்றாள் வெர்னீஸ். அவள் காதில் ஐம்பதாயிரம் விழவில்லை. திங்கட்கிழமைதான் விழுந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு மிஸ் அர்லீத்தா பிரென்னாவின் ஆள்.

சனிக்கிழமை ஹோசியா மீன் வறுத்தான். தங்கை தட்டில் வைத்ததை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்தான்.

"மீன் செத்துப்போச்சும்மா. நீ மறுபடி கொல்ல வேண்டாம்."

"அவளுக்குக் கேக் குடுத்திருக்காங்க அண்ணே."

"யாருக்கு? அந்தச் செம்பட்டைத் தலைக்கா?" ஹோசியா அடுப்பை அணைத்தான். "சரி, நீ ஒண்ணு சொல்லு. இத்தனை வருஷத்துல நீ ஏன் மிஸ் அர்லீத்தாகிட்ட கேக்கல?"

"கேக்கக்கூடாதுன்னு விதி."

"விதியைத் தூக்கி வை. நான் உன்னைக் கேக்கறேன்."

வெர்னீஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்கு டை கட்டின கையண்ணே அது. அந்தக் கைகிட்டப் போய்க் காசு குடுன்னு எப்படிக் கேக்கறது? இவ இவ்வளவு நாளும் இதுக்குத்தான் வந்தாளான்னு நினைச்சிடுவாங்க."

"நல்லா இருக்கு. ஊருக்கெல்லாம் கேக்க நீ படிச்சே. நம்ம ஆளுகிட்ட கேக்கன்னா உனக்கு வாய் வராது. அதுக்கு ஒருத்தி அட்லாண்டாவிலிருந்து வரணும்."

"அண்ணே, உன் மீன் உப்பு."

"உப்பு மீன்ல இல்ல. உன் கண்ணுல இருக்கு" என்றான் ஹோசியா. தங்கையை அழவிடாமல் சிரிக்கவைக்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். அன்று அது பலிக்கவில்லை.

மறுநாள் சபையில் மாதங்களின் தேநீர் விருந்து. வருடத்துக்கு ஒருமுறை, கோயிலின் கீழ்க்கூடத்தில் பன்னிரண்டு மேசை போடுவார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு மேசை, ஒரு மேசைக்கு ஒரு பெண் தலைவி. மாதத்துக்கு ஏற்ப மேசையை அலங்கரித்து, விருந்தாளிகளை அழைத்துவந்து, அதிகப் பணம் சேர்க்கிறவளுக்குக் கிரீடம். சிரித்துக்கொண்டேதான் எல்லாம் நடக்கும். ஆனால் ஏப்ரல்காரியும் அக்டோபர்காரியும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

டிசம்பர் மேசை மிஸ் அர்லீத்தாவுடையது. வெள்ளி மெழுகுவத்தித் தண்டு, நிஜ பைன் கிளை, கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை ஷெர்பெட் ஐஸ் மிதக்கும் பழரசம் என்று அது ஒரு தனி ராஜ்ஜியம். வெர்னீஸுக்கு மார்ச். மார்ச் மாதத்தில் என்ன இருக்கிறது? காற்றுதான். காகிதப் பட்டங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"மார்ச்சு, உன் மேசையில காத்துதான் உக்காந்திருக்கு போல" என்றாள் பிப்ரவரி மேசைக்காரி, தன் காகித இதயங்களைச் சரிசெய்துகொண்டே.

"காத்து சும்மா வரும் போகும். உன் மேசைக்கு வர்றவங்களுக்கு நெஞ்சுவலிதான்" என்று வெர்னீஸ் சொல்லி முடிக்கவில்லை. கதவு திறந்தது. மிஸ் அர்லீத்தா உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பிரென்னா வந்தாள். பிரென்னாவின் தலையில் சாம்பல்நிறத் தொப்பி இருந்தது.

அகன்ற விளிம்பு, ஒரு பக்கம் தூக்கிய மடிப்பு, வெள்ளிமுத்து வைத்த ஊசி. மிஸ் அர்லீத்தாவின் தொப்பிகள் எல்லாவற்றிலும் ராணி அது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மேல் அலமாரியிலிருந்து அந்த வட்டப் பெட்டியை இறக்கிக் கொடுப்பவள் வெர்னீஸ். மெல்லிய காகிதத்தை விலக்கி, தூசி தட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பாள். ஒருநாளும் அவள் அதைத் தன் தலையில் வைத்துப் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால் யாருமில்லாத நேரத்தில்கூட இல்லை.

பிரென்னா டிசம்பர் மேசையில் மிஸ் அர்லீத்தாவின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடம் முழுக்கப் பார்த்தது. ஹோசியா மார்ச் மேசையிலிருந்து மெதுவாக, "மூச்சு விடும்மா" என்றான்.

வெர்னீஸ் தேநீர் ஊற்றினாள். கோப்பை நிறைந்து வழிந்ததைப் பிப்ரவரிக்காரி சொல்லித்தான் பார்த்தாள். டிசம்பர் மேசையில் மிஸ் அர்லீத்தா பிரென்னாவின் தட்டில் கோழிச் சாண்ட்விச்சை எடுத்து வைப்பதும், அவள் காதில் ஏதோ சொல்வதும், அவள் தொப்பி ஆட ஆடச் சிரிப்பதும் தெரிந்தது. அந்தத் தொப்பியை அணிந்துகொண்டு அப்படித் தலையை ஆட்டக்கூடாது. ஊசி தளர்ந்துவிடும். அதுகூடத் தெரியவில்லை இவளுக்கு.

தேநீர் முடிந்ததும் கேட்கும் நேரம் வந்தது. அந்தச் சபையில் அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மாதத் தலைவியும் தன் முறை வரும்போது கூடத்தில் இருக்கும் யாராவது ஒருவரிடம் போய், எல்லார் முன்னாலும் வாய்விட்டுத் தொகை சொல்லிக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி சொல்லும் பதில் செல்லாது.

மார்ச்சின் முறை வந்தது. வெர்னீஸ் எழுந்தாள். டிசம்பர் மேசையிலிருந்து மிஸ் அர்லீத்தா அவளையே பார்த்தார். வெர்னீஸ் ஒவ்வொரு வருடமும்போல் திரும்பி, தன் மேசையிலேயே இருந்த அண்ணனைப் பார்த்து, "ஹோசியா பிக்கெட், மார்ச் மாதத்துக்காக உங்ககிட்ட ஐம்பது டாலர் கேக்கறேன்" என்றாள்.

ஹோசியா எழுந்து பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "குடுக்கறேன். பட்டம் வாங்கின தங்கச்சி கேக்கறா. இல்லன்னு சொன்னா எனக்கு வீட்டுக்குப் போக வழியில்ல." கூடம் சிரித்தது. மிஸ் அர்லீத்தா சிரிக்கவில்லை.

கடைசியாக டிசம்பர். மிஸ் அர்லீத்தா எழுந்தார். எங்கும் போகவில்லை. தன் வலப்பக்கம் திரும்பினார். "பிரென்னா கண்ணு, டிசம்பர் மாதத்துக்காக உங்கிட்ட இருநூறு டாலர் கேக்கறேன்."

பிரென்னாவின் முகம் முடி நிறத்துக்கு வந்தது. யாரோ பின்னாலிருந்து "எந்திரிம்மா, எந்திரி" என்றார்கள். எழுந்தாள். தொப்பியைப் பிடித்துக்கொண்டாள். "நா... நான் குடுக்கறேன்" என்றாள். கூடம் கைதட்டியது. டிசம்பர் கிரீடத்தைத் தட்டிச் சென்றது.

வெர்னீஸுக்கு அப்போதுதான் விளங்கியது. கேக், தொப்பி, வலப்பக்க நாற்காலி, பிறகு கேள்வி. அலுவலகப் பயிற்சி வகுப்பில் பணம் செலவழித்துச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. பிரென்னா மிஸ் அர்லீத்தாவைப் பிடிக்கப் போகவில்லை. மிஸ் அர்லீத்தாதான் பிரென்னாவை வலைவீசிப் பிடித்திருந்தார். இதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு அவர் தன்னை ஒருநாளும் பிடிக்கவில்லையே என்றுதான் தோன்றியது. பொறாமைக்குக் காரணமா கிடைக்காது?

சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது மிஸ் அர்லீத்தா உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கிரீடத்தை ரொட்டிப் பெட்டிமேல் வைத்தார்.

"என்ன பிள்ளே, தட்டுல இருக்கற பூவையும் சேத்துத் தேய்ச்சு எடுத்துடுவே போலிருக்கே."

"தொப்பியைக் குடுத்துட்டீங்க" என்றாள் வெர்னீஸ். திரும்பிப் பார்க்கவில்லை.

"குடுத்தேன்."

"அந்தத் தொப்பியை."

"அந்தத் தொப்பியைத்தான். உன் கண்ணு எரியணும்னுதான் குடுத்தேன். எரியுதா?"

"எரியுதும்மா."

"நல்லது. எனக்கு எத்தனை வருஷமா எரியுது தெரியுமா?" மிஸ் அர்லீத்தாவின் குரல் ஏறியது. "வருஷா வருஷம் மார்ச் மேசையிலிருந்து எந்திரிப்பே. என் மேசையைப் பாக்காத மாதிரி திரும்பி உன் அண்ணங்கிட்ட ஐம்பது டாலர் கேப்பே. போன வருஷம் பேப்பர்ல உன் போட்டோ வந்துது. வைன்வில் தெரு வெள்ளைக்காரம்மா குடுத்தாங்கன்னு. அவங்க பக்கத்துல நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறே. அந்தப் பேப்பரை நான் தூக்கி எறிஞ்சேன். அப்புறம் பொறுக்கி எடுத்து வச்சேன், நீ அதுல நல்லா இருந்தேன்னு."

"அதைக் கேட்டது நானில்லம்மா. லாங்டன் கேட்டாரு. நான் ஃபைலைத் தூக்கிட்டுப் போனேன்."

"என் வீட்டுக்கு எதைத் தூக்கிட்டு வந்தே? நன்றிக் கடிதம். எதுக்கு நன்றி? நான் எதுவும் குடுக்கலியே. யாரும் என்னைக் கேக்கலியே. நான் என்ன, கேக்கத் தகுதியில்லாதவளா?"

வெர்னீஸ் குழாயை மூடினாள். ஈரக் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றாள். நாளைக்குப் பிரென்னா கேட்பாள் என்பது நினைவுக்கு வந்தது. விதியும் நினைவுக்கு வந்தது.

"மிஸ் அர்லீத்தா" என்றாள். "பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில போட்டுட்டு, தாய்மாருங்க காருக்குள்ள தூங்கறாங்க. அவங்களுக்கு அறை கட்டணும். அதுக்காக உங்ககிட்ட ஐம்பதாயிரம் டாலர் கேக்கறேன்."

மிஸ் அர்லீத்தா முக்காலியிலேயே இருந்தார். அசையவில்லை.

"வைன்வில் அம்மாகிட்ட எவ்வளவு கேட்டீங்க?"

வெர்னீஸால் மறைக்க முடியாது. அது பத்திரிகையிலேயே வந்ததுதான். "இரண்டரை லட்சம்."

"அவங்க முழுசு. நான் அஞ்சுல ஒரு பங்கு."

"இல்லம்மா..."

"இந்தக் கணக்கு யார் போட்டது? அந்தச் செம்பட்டைப் பொண்ணா?"

லாங்டன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கேட்டபோது சரியாக இருக்கும் என்று சொன்னது யாருடைய வாய்? "நானும்தான்" என்றாள் வெர்னீஸ்.

"அப்ப திரும்பக் கேளு. ஒழுங்கா நின்னு கேளு."

வெர்னீஸ் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நேராக நின்றாள். "மிஸ் அர்லீத்தா டார்ப்லி, அந்தத் தாய்மாருங்களுக்காக உங்ககிட்ட இரண்டரை லட்சம் டாலர் கேக்கறேன்."

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் படிப்பதும் எல்லாரும் தவறுவதும் அதுதான். வெர்னீஸ் வாயை மூடிக்கொண்டாள். கூடத்தில் மேசைகளை மடக்கும் சத்தம் கேட்டது. ஹோசியா யாரிடமோ மேசைக் கால் அடிபடாமல் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மிஸ் அர்லீத்தா ஒரு கையை மேடையில் ஊன்றினார். முழங்கால் சத்தம்போட, மெல்ல எழுந்து நின்றார்.

"குடுக்கறேன். மூணு வருஷத்துல. அறையில நல்ல கட்டில் போடணும், மடக்குக் கட்டில் போட்டா வந்து தூக்கி வெளியே வீசுவேன்." பிறகு கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "மூக்கைத் துடை. கேக்கறவ அழக்கூடாது" என்றார்.

திங்கட்கிழமை காலை லாங்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பிரென்னா எத்தனை மணிக்குக் கேட்கப் போறா?" என்றார்.

"கேட்டாச்சு" என்றாள் வெர்னீஸ்.

"யாரு?"

"நான்."

"அது உங்க வேலை இல்லையே வெர்னீஸ்." தொகையைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, பதிவில் பிரென்னாவின் பெயரையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்றார்.

பிரென்னாதான் மறுத்தாள். "என்னை அவங்க இருநூறு டாலருக்கு எந்திரிக்க வச்சாங்க. நான் எந்திரிச்ச ஆளு, கேட்ட ஆளில்ல" என்றாள். நல்ல பெண். அதுதான் வெர்னீஸுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த இலையுதிர்காலத்தில் வெர்னீஸைப் பெரிய கொடைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரென்னாவின் சம்பளத்துக்குச் சமமாக வர இன்னும் ஒரு வருடம் ஆனது. அதையும் அவள் நேராக நின்று, தொகையைச் சொல்லி, வாயை மூடிக்கொண்டுதான் வாங்கினாள். தாய்மார்களின் அறைகளுக்கு வெளியே டார்ப்லி என்று பித்தளைப் பலகை இருக்கிறது. அதை மாட்டும்போது ஹோசியா ரசமட்டம் கொண்டுபோனான். மருத்துவமனை ஆட்கள் வேண்டாம் என்றார்கள். இருந்தாலும் வைத்துப் பார்த்தான்.

கேக் மட்டும் இன்றைக்கும் பிரென்னாவுக்குத்தான் போகிறது, மாதத்துக்கு ஒன்று. டிசம்பர் மேசையிலும் அவளுக்கே இடம். தொகை இப்போது முந்நூறாகிவிட்டது. பிரென்னாவுக்கு மட்டும் ஏன் கேக் என்று வெர்னீஸ் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்.

"உன்னை நான் கேக் குடுத்தா பிடிக்கணும்?" என்றார் மிஸ் அர்லீத்தா.

சரியான பதில்தான். வெர்னீஸுக்கும் அது தெரியும். இருந்தாலும் பச்சைக் கொடி ஓடும் அந்தத் தட்டு பிரென்னாவின் மேசைக்கு வரும் நாளில், அவள் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்து, எத்தனை துண்டு மீதி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.